செம்பனைத் தோட்டத்து மேப்: கண்ணுக்கு மறைவு, எஞ்சினுக்குத் திறந்தவெளி

பின்னணி

மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒட்டி வளர்ந்த ஒரு குடியிருப்பு. தீபாவளிக்கு முந்தைய வாரக் கடைசியில் அங்குள்ள இளைஞர்கள் கணினி விளையாட்டுப் போட்டி நடத்துவது வழக்கம். ஆட்டம் கவுண்டர்-ஸ்ட்ரைக்: சோர்ஸ். 2004இல் வந்தது, பழைய கணினியிலும் ஓடும், அதனால்தான் இன்னும் விடாமல் ஆடுகிறார்கள். ஒரு வருடம், பழகிப்போன மேப்களை (ஆடுகளங்களை) ஒதுக்கிவிட்டு ஊர்த் தோட்டத்தையே மேப்பாகக் கட்டி அதில் ஐந்துக்கு ஐந்து மோதுவது என்று முடிவானது.

வேலை இரண்டு பேர் கையில். ஒருவர் செம்பனை ஆலையில் எடைமேடை கிராணி (எழுத்தர்). மேப் கட்டும் மென்பொருளான ஹாமர் எடிட்டரில் முன்பு இரண்டு சிறு மேப் செய்தவர். மற்றவர் பாலிடெக்னிக் மாணவர்; மரம், மாடல் (முப்பரிமாண உருவம்), டெக்ஸ்சர் (அதன்மேல் பூசும் படம்) அவர் பொறுப்பு. டேவானில் (பொது மண்டபத்தில்) போடப்போகும் 10 கணினிகளில் நான்கில் மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது. மீதி ஆறும் அலுவலகத்தில் கழித்துவிட்ட இயந்திரங்கள்: உள்ளமைந்த கிராபிக்ஸ், 4 ஜிபி ரேம். இலக்கு, அந்த ஆறிலும் 1280×720 அளவில் விநாடிக்கு 60 பிரேம் (திரையில் வரையும் படம்). அதாவது ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது.

மேப்பில் மூன்று பகுதி: எதிரெதிரே இரண்டு வரிசை லயத்து வீடுகள், நடுவில் ஆலையும் அதன் முற்றமும், பின்னால் செம்பனைக் காடு. மொத்தம் ஏறக்குறைய 6,000 யூனிட்டுக்கு 6,000 யூனிட். இந்த ஆட்டத்தை ஓட்டும் எஞ்சினின் பெயர் சோர்ஸ். அதன் கட்டட அளவில் ஒரு யூனிட் சுமார் 1.9 செ.மீ., ஆக நூற்றுப் பதினான்கு மீட்டர் சதுரம்.

மரங்களுக்கு இடையே எவ்வளவு விடுவது என்று ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவரிடம் கேட்டார்கள். "ஒம்பது மீட்டர் தம்பி, முக்கோணமா நடணும். அப்பத்தான் எங்க நின்னு பாத்தாலும் நெரை நேரா தெரியும்" என்றார். மாடலுக்கு அது சரியான தகவல். மேப்புக்கு அதுவே முதல் சிக்கல். முக்கோண நடவில் மூன்று திசையிலும் நேர்கோடு கிடைக்கும். காட்டுக்குள் எங்கு நின்றாலும் ஏதோ ஒரு பக்கம் கடைசி வரை பார்வை ஓடும்.

முதல் சோதனையில் கண்டது

போட்டிக்கு ஐந்து வாரம் முன்பு முதல் சோதனை. ஆலை முற்றத்தில் 22 பிரேம், காட்டின் நடுவில் 27, லயத்துச் சந்தில் 35. யாராவது புகைக்குண்டு வீசினால் காட்டில் 15க்கு இறங்கியது.

மேப்பைக் கம்பைல் செய்யும்போதே (ஆட்டத்தில் ஓடும் கோப்பாக மாற்றும்போதே) அறிகுறி தெரிந்திருந்தது. சோர்ஸ் மேப் மூன்று கட்டமாகத் தயாராகும். விபிஎஸ்பி, மேப்பின் காலியிடத்தை 'லீஃப்' எனப்படும் குவிந்த துண்டுகளாக வெட்டும். எந்த லீஃபிலிருந்து எந்த லீஃப் தெரியக்கூடும் என்று விவிஸ் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும். விராட் வெளிச்சத்தைக் கணக்கிடும். 1996இல் குவேக் விளையாட்டில் வந்த ஏற்பாட்டின் வாரிசு இது: ஆடும்போது செய்யவேண்டிய கணக்கை மேப் செய்பவரின் கணினி ஒரே தடவை செய்து முடித்துவிடுகிறது. இந்த மேப்பில் விவிஸ் ஒன்பது மணி நேரம் ஓடியும் முடியவில்லை. நிறுத்திவிட்டு வேக முறையில் கம்பைல் செய்து சோதனைக்குக் கொண்டுபோனார்கள். வேக முறை மேலோட்டமாகப் பார்த்து, சந்தேகமுள்ள லீஃபையெல்லாம் 'தெரியும்' பட்டியலில் போட்டுவிடும். எடிட்டர் வேலைக்கு அது போதும். பிரேம் அளப்பதற்கு ஆகாது. முதல் சோதனை எண்கள் உண்மையைவிடக் கொஞ்சம் மோசமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கே வலி என்று பிரித்தது

எதையும் மாற்றுவதற்கு முன் 12 இடங்களைக் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நிற்கும் புள்ளியும் பார்க்கும் கோணமும் எண்ணாக எழுதப்பட்டன. கன்சோலில் செட்போஸ், செட்ஆங் கட்டளைகளைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பக்கம் பார்த்து நிற்கலாம். இதைச் செய்யாமல் 'இப்போ பரவாயில்ல போல இருக்கு' என்று ஓடிப் பார்த்துச் சொல்வதில் பயனில்லை. தலையை ஐந்து டிகிரி திருப்பினாலே பத்து பிரேம் மாறும்.

அடுத்தது மிக எளிய சோதனை. அதே புள்ளியில் நின்று திரை அளவை 640×480க்குக் குறைத்துப் பார்ப்பது. காட்டில் 27 இருந்தது 50க்கு எகிறியது. முற்றத்தில் 22 இருந்தது 24தான் ஆனது. ஆக நோய் இரண்டு. காட்டில் கிராபிக்ஸ் சிப்பு பிக்சல் நிரப்பித் திணறுகிறது: ஓலைக்குப் பின் ஓலை, அதற்குப் பின் ஓலை. முற்றத்தில் திணறுவது பிராசசர். தனித்தனிப் பொருள்கள் அதற்கு அளவுக்கு மீறி அனுப்பப்படுகின்றன. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று சொல்லும் பட்ஜெட் பலகையும் இதையே காட்டியது: முற்றத்தில் ஒரு பிரேமுக்கு ஆகும் 45 மில்லி விநாடியில் 24, நகராப் பொருள்களுக்கே போனது.

முற்றத்தில் எதற்கு அத்தனை பொருள்? அங்கிருந்து பார்த்தால் ஆலைச் சுவர், லாரி, நாலைந்து குலைக் குவியல், அவ்வளவுதான். வரையப்படும் எல்லாவற்றையும் கம்பிக்கோடாகக் காட்டும் மேட்-வயர்பிரேம் கட்டளை போட்டதும் விஷயம் வெளிப்பட்டது. சுவருக்கு அப்பால் காடு முழுவதும் கம்பி உருவமாக நின்றது. ஒரு மரம் விடாமல்.

காரணங்கள்

காரணம் ஒன்றல்ல. ஆனால் வேர் ஒன்றுதான்: மனிதக் கண்ணை மறைப்பது எஞ்சினை மறைக்காது. விவிஸுக்குத் தடை என்றால் முழுத் திண்மையான வேர்ல்டு பிரஷ் (எடிட்டரில் நேரடியாகக் கட்டும் சுவர், தரை போன்ற கட்டை) மட்டுமே. மரம், வேலி, மாடல் எதையும் அது கணக்கில் எடுக்காது. மேடு பள்ளத்துக்குப் பயன்படும் டிஸ்பிளேஸ்மென்ட் தரையும் அப்படியே. எவ்வளவு பெரிய குன்றாகத் தூக்கினாலும் விவிஸுக்கு அது வெறும் காற்று.

இதற்கு நேர்மாறான தவறும் நடந்திருந்தது. காட்டின் உட்பகுதியிலிருந்த 120 மரங்களின் தண்டுகள் எட்டுப்பக்க வேர்ல்டு பிரஷ்களாகக் கட்டப்பட்டிருந்தன. சுட்டால் தண்டில் படவேண்டும் என்ற எண்ணம். பார்வையை மறைக்கத் தண்டுக்கு அகலம் போதாது. ஆனால் ஒவ்வொன்றும் தன் எட்டு முகத்தாலும் சுற்றியுள்ள காலியிடத்தைச் சீவித் தள்ளும். மறைப்பும் இல்லை, லீஃப் எண்ணிக்கை மட்டும் பெருகியது. விவிஸ் ஒன்பது மணி நேரம் தவித்தது இதனால்தான்.

மூன்றாவது, லயத்து வீடுகள். சுவர் உயரம் 160 யூனிட், வானப்பெட்டி (மேப்பை மூடும் வானம்) 1,024 யூனிட் உயரம். சந்தின் லீஃப் தரையிலிருந்து வானம் வரை ஒரே துண்டு. அதன் மேல்முனை கூரைக்கு மேலே அடுத்த சந்தைப் பார்க்கிறது. லீஃபின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து தெரிந்தாலே போதும், முழு லீஃபும் 'தெரியும்' என்றாகிவிடும். ஆட்டக்காரர் தரையில் நிற்கிறார் என்பது எஞ்சினுக்குப் பொருட்டில்லை.

எடுத்த முடிவு

மூன்று வழி பேசப்பட்டது. மூடுபனியைக் கெட்டியாக்கி தூரத்தை வெட்டுவது, மரங்களைப் பாதியாகக் குறைப்பது, தரையையே மாற்றுவது.

மரத்தைக் குறைத்தால் காடு காடாக இருக்காது, நேர்கோட்டுப் பார்வை இன்னும் நீளும். பனியைக் கெட்டியாக்கினால் தொலைநோக்கித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வேலையே இல்லாமல் போகும். தரையை மாற்றுவது என்றால் இரண்டு வார வேலை மண்ணாகும். மேப் செய்தவர் அதற்கு மனசில்லாமல்தான் இருந்தார். அதே மண்டோர் திரையைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதான் முடிவைத் திருப்பியது: "எல்லாத்தையும் சமதரையா போட்டிருக்கியே தம்பி. நம்ம பக்கம் மேட்டு நெலம்ல, படி படியா வெட்டித்தான நட்டோம்? கீழ்ப்படியில நிக்கிறவனுக்கு மேல்படி தெரியாது."

மேட்டுநிலப் படிவரப்பு தோட்டத்துக்கும் பொருந்துகிறது, எஞ்சினுக்கும் பொருந்துகிறது. தரையை மாற்றுவது, லேசான பனியைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள்.

செய்த திருத்தங்கள்

காட்டில் 160 யூனிட் உயரத்தில் இரண்டு மண்வரப்புகள், ஒன்றின் முனை மற்றதன் நடுவுக்கு நேராக வரும்படி தள்ளி அமைக்கப்பட்டன. நிற்கும் ஆட்டக்காரரின் கண்மட்டம் 64 யூனிட், 160 தாராளம். மேல்தோல் டிஸ்பிளேஸ்மென்ட். அதன் வயிற்றுக்குள் நோடிரா டெக்ஸ்சர் பூசிய திண்ம பிரஷ். பார்வையைத் தடுப்பது இந்த உள்கட்டுதான். மேல்தோலுக்கு 8 யூனிட் கீழே அதை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் சரிவான இடங்களில் தோலைக் கிழித்துக்கொண்டு மூலை வெளியே வரும். நோடிரா முகத்தை எஞ்சின் வரையாது. அங்கே ஓட்டைபோலத் தெரியும், அல்லது பின்னால் உள்ளது கலங்கிப் பதியும்.

வரப்பைக் கடக்கும் வழிகள் நேராக விடப்படவில்லை. 192 யூனிட் அகலத்தில் முழங்கைபோல மடங்கும் இரண்டு வழி. ஒவ்வொரு மடக்கிலும் மூலைக்குக் குறுக்காக ஒரு ஹிண்ட் பிரஷ் (லீஃபை எங்கே வெட்டுவது என்று விபிஎஸ்பிக்குச் சொல்லும் கட்டை). எங்கே வெட்டவேண்டுமோ அந்த ஒரு முகத்துக்கு மட்டும் ஹிண்ட் டெக்ஸ்சர், மற்ற ஐந்துக்கும் வெட்டு விழாத ஸ்கிப். ஆறு முகத்துக்கும் ஹிண்ட் பூசியது முதல் முயற்சியில் நடந்த பிழை. வேண்டாத இடத்திலெல்லாம் வெட்டு விழுந்தது.

லயத்து வீடுகளின் சாய்வுக் கூரை ஃபங்க்-டீட்டெய்லாக மாற்றப்பட்டது. டீட்டெய்ல் பிரஷ் லீஃபை வெட்டாது, பார்வையையும் தடுக்காது. ஆகவே சுவர்கள் வேர்ல்டு பிரஷ்ஷாகவே நின்றன. 160 யூனிட் உயரத்தில் வீட்டுக்கு மூடிபோல ஒரு திண்மப் பலகை வைக்கப்பட்டது. அதே உயரத்தில் சந்துகளுக்கு மேலே படுக்கைவாக்கில் ஒரு ஹிண்ட் முகம். இப்போது சந்தின் லீஃப் இரண்டு: கீழ்ப்பாதி, மேல்பாதி. இரண்டு சந்துகளின் கீழ்ப்பாதிகளும் 160க்குக் கீழேதான் இருக்கின்றன. அவற்றுக்கிடையே எந்த நேர்கோடு போட்டாலும் வீட்டில் முட்டும்.

இதை முற்றத்தைச் சுற்றிலும் செய்தபின் மரங்கள் மறையும் என்று எதிர்பார்த்தார்கள். மறையவில்லை. வயர்பிரேமில் காடு அப்படியே நின்றது. அரை நாள் தேடியபின் பிடிபட்டது: மரத்தின் உயரம் 420 யூனிட், கொண்டை மேல்பாதி லீஃபுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருள் தொடும் லீஃப்களில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அந்தப் பொருள் முழுவதும் வரையப்படும். மேல்பாதி முற்றத்திலிருந்து தெரியத்தான் செய்யும், வானம் அல்லவா. இந்த இடத்தில் ஹிண்ட் உதவாது. 512 யூனிட் உயரமுள்ள ஆலைச் சுவருக்குள் ஒரே ஒரு ஃபங்க்-ஆக்குளூடர் வைத்ததில் கதை முடிந்தது. அது லீஃபைப் பார்ப்பதில்லை. ஆடும்போதே பொருளின் சுற்றுப்பெட்டி தனக்குப் பின்னால் முழுதாக ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறது. மாடல்களை மட்டும்தான் நீக்கும், பிரஷ்களை நீக்காது. பிராசசருக்குச் செலவும் உண்டு. அதனால் ஒன்றோடு நிறுத்தினார்கள்.

ஆலையின் கதவு, சன்னல் 23க்கும் ஏரியாபோர்ட்டல் (திறப்பு வழியே தெரிவதை மட்டும் வரையச் செய்யும் தடுப்பு) போட்டுப் பார்த்ததும் பதிவுக்குரியது. முற்றம் இரண்டு பிரேம் குறைந்தது. ஒவ்வொரு போர்ட்டலும் பிரேமுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படும். சிறு சன்னல்கள் மிச்சப்படுத்துவது அந்தச் செலவுக்குக்கூடக் காணாது. பெரிய கதவுகள் ஐந்தோடு நிறுத்தியதும் லாபம் வந்தது. அதில் ஒரு கதவு மட்டும் 'ஏரியாபோர்ட்டல் லீக்' என்று கம்பைலில் அடம்பிடித்தது. கதவுநிலை டீட்டெய்லாக இருந்ததே காரணம். போர்ட்டலின் விளிம்பு நான்கு பக்கமும் வேர்ல்டு பிரஷ்ஷில் முட்டவேண்டும்.

மரம்

மாணவர் மரத்தை மறுபடி செய்தார். தண்டுகள் பிரஷ்ஷிலிருந்து மாடலுக்கு மாறின. தண்டுக்கும் ஓலைக்கும் தனித்தனியே இருந்த இரண்டு டெக்ஸ்சர்கள் ஒரே தாளில் சேர்க்கப்பட்டன. மரத்துக்கு இரண்டு வரைதல் அழைப்பு (கிராபிக்ஸ் சிப்புக்குப் பிராசசர் தரும் வரையும் கட்டளை) ஒன்றாகக் குறைந்தது. மூன்று தர நிலைகள்: கிட்டத்தில் 1,900 முக்கோணம், நடுத்தூரத்தில் 700, எட்டத்தில் 160.

ஓலையில் செய்தது கணக்குக்கு எதிரானதுபோலத் தோன்றும். முன்பு ஒரு மட்டைக்கு ஒரு செவ்வகம். அதில் பாதிக்கு மேல் வெறும் ஒளிபுகு பரப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிக்சலையும் சிப்பு எடுத்துப் பார்த்துத்தான் தள்ளுகிறது. செவ்வகத்தை ஓலையின் வெளிக்கோட்டை ஒட்டி ஆறு மூலையாக வெட்டினார்கள். முக்கோணம் கூடியது, வீண் பிக்சல் குறைந்தது, காட்டில் ஏழு பிரேம் ஏறியது. டிரான்ஸ்லூசென்ட் (அரைகுறை ஒளிபுகு) என்றிருந்த மெட்டீரியலும் ஆல்ஃபாடெஸ்டாக (பிக்சல் உண்டு அல்லது இல்லை) மாறியது. விளிம்பு கொஞ்சம் ரம்பப்பல்போலத் தெரிகிறது; பின்னிருந்து முன்னாக வரிசைப்படுத்தும் வேலை ஒழிந்தது.

ஆறு மரத்தை ஒரே மாடலாகக் கட்டும் யோசனை இரண்டு நாள் ஓடிக் கைவிடப்பட்டது. அழைப்புகள் குறைந்தது உண்மை. ஆனால் அந்தப் பெரிய மாடல் இரண்டு மூன்று லீஃபுக்குக் குறுக்காகக் கிடந்ததால், மறைந்திருந்த மரமெல்லாம் திரும்ப வந்து நின்றது.

ஆடுகளத்துக்கு வெளியே அடிவானத்துக்காக நட்டிருந்த 260 மரங்கள் அடியோடு எடுக்கப்பட்டு, 16இல் ஒரு பங்கு அளவில் கட்டும் முப்பரிமாண வானப்பெட்டிக்குள் ஒன்பது தட்டையான மரவரிசைப் படங்களாக மாறின.

இரண்டாம் சோதனை: நியாயம் கெட்ட இடம்

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு நடந்த சோதனையில் பிரேம் நன்றாக ஏறியிருந்தது. சண்டை வந்தது வேறு விஷயத்தில். மரத்தின் பின்னால் பதுங்கியிருந்த ஒருவர் எட்டத்திலிருந்து திரும்பத் திரும்பக் குறிபார்க்கப்பட்டார். "மரத்துக்குப் பின்னாலதான்டா நின்னேன்" என்று இவர்; "எந்த மரம்? வெட்டவெளியில நின்ன" என்று அவர். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மரங்களுக்கு 1,400 யூனிட்டில் மங்கி 1,600இல் மறையும்படி தூர எல்லை வைத்திருந்தார்கள். எட்டத்தில் இருப்பவர் திரையில் தண்டே கிடையாது. ஆனால் குண்டைத் தடுக்கும் மோதல் உருவம் அங்கேயே இருந்ததால், அவர் சுட்ட குண்டுகளில் பாதி காற்றில் முட்டி நின்றன.

தண்டும் கொண்டையும் அன்றே இரண்டு மாடலாகப் பிரிக்கப்பட்டன. அழைப்பு மறுபடி இரண்டானது, வேறு வழியில்லை. தண்டுக்கு மறையும் தூரம் நீக்கப்பட்டது. எட்டத்து நிலையில் அது வெறும் உருளை, செலவு அற்பம். மறைவது கொண்டையும் தரைப் புதரும் மட்டும். வெட்டிய மட்டைகளை ஒரு நெரை விட்டு ஒரு நெரை அடுக்கும் பழக்கம் தோட்டத்தில் உண்டு. அந்த அடுக்குகளும் ஆள் பதுங்கும் பொருள் என்பதால் மறையாத பட்டியலில் சேர்ந்தன.

கருத்த தண்டுக்கு முன் கருத்த உடை ஆள் நின்றால் தெரியவில்லை என்ற புகாரும் வந்தது. தண்டின் டெக்ஸ்சரைச் சாம்பல் பச்சையாக வெளுத்தார்கள். நெரைத் தலைமரங்களில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதினார்கள். ஆட்டத்தில் 'ஏழாம் நெரை' என்று கூப்பிட அது வசதியாகவும் போயிற்று.

விளைவு

முழு முறையில் விவிஸ் 14 நிமிடத்தில் முடிந்தது. மோசமான கணினியில் முற்றம் 22இலிருந்து 58, லயத்துச் சந்து 35இலிருந்து 60க்கு மேல், காடு 27இலிருந்து 49. காட்டில் புகைக்குண்டு வீசினால் 36. இலக்கை எட்டாத இடங்கள் 12இல் நான்கு. போட்டி அன்று ஒரு கணினி மட்டும் மதியத்துக்குமேல் திணறியது. மூடியைத் திறந்தபோது விசிறியில் தூசி அடைத்திருந்தது. மேப்பின் குற்றமில்லை.

மேப்பிலிருந்த கோயில் குளத்து மூலை 41லேயே நின்றுவிட்டது. அங்கிருந்து முற்றமும் காட்டின் ஓரமும் ஒருசேரத் தெரியும். மறைக்கச் சுவர் வைத்தால் குளம் இருந்தும் இல்லாததுபோல. அப்படியே விட்டார்கள்.

மறுமுறை மாற்றவேண்டியவை

பெரிய மாற்றம் வரிசையில். இந்த மேப்பில் மரம் முதலில் வந்தது, தடுப்பு கடைசியில் வந்தது. அடுத்ததற்கு டெக்ஸ்சர் பூசாத சாம்பல் கட்டைகளை மட்டும் அடுக்கி, முழு முறையில் விவிஸ் ஓட்டி, லீஃபின் எல்லையைக் காட்டும் மேட்-லீஃப்விஸ் போட்டு நடந்து பார்த்த பிறகுதான் முதல் மாடலைக் கொண்டுவருவது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஹிண்ட் என்பது இருக்கும் தடுப்பைக் கூர்மையாக்கும். இல்லாத தடுப்பை உண்டாக்காது. அந்தக் கட்டத்தில் விவிஸ் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் எந்த வேர்ல்டு பிரஷ் டீட்டெய்லாக இருக்கவேண்டும் என்று உடனே தேடவேண்டும்.

12 அளவுப் புள்ளிகளும் அந்தச் சாம்பல் நிலையிலேயே குறிக்கப்படும். ஆள் பதுங்கக்கூடிய எதற்கும் மறையும் தூரம் வைக்கக்கூடாது என்பதற்குப் பெயரிடலிலேயே வழி செய்திருக்கிறார்கள்: அத்தகைய மாடல்களின் கோப்புப் பெயர் 'நிலை' என்று தொடங்கும், கம்பைலுக்கு முன் அந்தப் பெயருள்ள பொருள்களைத் தேடி எண் சரிபார்க்கப்படும். பிரேமை அளக்க முதல் நாளிலிருந்தே மேப் செய்தவரின் சொந்தக் கணினியை விட்டு, டேவான் அலமாரியில் கிடக்கும் அந்த ஆறில் மிக மெதுவானதை வீட்டுக்கு எடுத்துப் போவதாகப் பேச்சு. சாவி வைத்திருப்பவரிடம் கேட்டாகிவிட்டது.